வேர் வெள்ளையாக இருந்தால்

இன்று ஞாயிறு. மீன்தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டுக் கையைத் துடைத்தேன். துண்டில் ஏரித்தண்ணீர் வாசனை. உன் கையில் அடித்த அதே வாசனை. சோறு போடும்போதுகூட அடிக்கும். "கைய நல்லா கழுவினியா?" என்பேன். "கழுவினேன், நீ சோத்தத் துன்னு மாமா" என்பாய். இன்று சோப்புப் போடாமலே போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். தைக்க முடியவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்கு வந்து வீட்டின் முன்னறையிலேயே நான் தையல்கடை போட்ட புதிதில், ஊரைக் காலி செய்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன தொட்டி அது. கப்பி, மோலி, மணலை மேயும் மீசைக்கார மீன்கள், நடுவில் ரோஸ் கலர் பிளாஸ்டிக் செடி. நீ இடுப்பில் கைவைத்து நின்றாய். "ரோஸ் கலர்ல எங்கன்னா செடி மொளைக்குமா? மீன ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" மறுநாளே மீன்கடைக்குப் போய் உயிருள்ள செடி இரண்டு வாங்கிவந்தாய். ஒன்று ரிப்பன் போல நீண்ட பச்சை இலை, இன்னொன்று சுருக்கம் விழுந்த பழுப்பு இலை.

ரிஷிவந்தியத்துப் பக்கம் கரும்பும் நெல்லும் போட்ட வீட்டுப் பெண் நீ. செடி என்றால் எரு வேண்டும், அவ்வளவுதான் உனக்கு. அப்பா வீட்டிலிருந்து மக்கிய ஆட்டெரு கொண்டுவந்து மணலுக்கு அடியில் தாராளமாகப் பரப்பினாய். "தண்ணிக்குள்ள எதுக்கு எரு?" என்றேன். "நீ ஜாக்கெட்டுக்குக் கை வை. செடிய நான் பாத்துக்கறேன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய்! இரண்டே நாளில் தொட்டி மாட்டுக்குக் காட்டும் கழுநீராகிவிட்டது. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சேமித்து வைத்திருந்த தண்ணீரை அண்டாவில் ஊற்றி, டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளிப்போட்டோம். இரண்டு கப்பி செத்தே போயின. நீ ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதாய். முகமெல்லாம் எரு, எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு. "மீனு செத்துகினு இருக்குது, சிரிக்கிறியே, நல்லா இருப்பியா நீ?" என்று ஈர மணலை என்மேல் வீசினாய்.

பிறகு வெறும் மணலைக் கழுவிக் கழுவிப் போட்டாய். கல்வராயன் மலை ஓடையில் பொறுக்கிய மரக்கட்டையை, தொட்டிக்குள் வைக்குமுன் சுத்தமாகட்டும் என்று இட்லிக் குண்டானில் வேகவைத்தாய். ஒரு வாரம் இட்லி மரவாசனை அடித்தது. செடியின் இலை கிளம்பும் கழுத்து மண்ணுக்குள் போகாமல் வேரை மட்டும் புதைத்தாய். அப்படியும் பழுப்புச் செடியின் இலைகள் கஞ்சி மாதிரிக் கரைந்தன. தூக்கிப் போடலாம் என்றேன். நீ மெல்ல மணலை விலக்கிக் காட்டினாய். "எல போனா இன்னா மாமா? வேரப் பாரு, வெள்ள வெளேர்னு இருக்குது. எடம் மாறின கோவம் அதுக்கு. வுடு, வரும்."

வந்தது. ஒவ்வொரு இலை வரும்போதும் "மாமா, ஓடியா ஓடியா!" என்று கத்துவாய். கழுத்தில் டேப்போடு என்னமோ ஏதோ என்று ஓடிவருவேன். நகத்தளவு இலை ஒன்று நிற்கும். "இதுக்கா கூப்ட்ட?" "வேற எதுக்குக் கூப்புடுவாங்க?"

அப்புறம் அந்த நோய் வந்தது. மருந்து ஏற ஏற உன் முடி கொட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாய். "எலதான் மாமா போச்சு. வேரு வெள்ளையாத்தான் இருக்குது." நம்பினேன். டாக்டர் சொன்னதைவிட உன் சொல்லைத்தான் நம்பினேன். நீ போய்விட்டாய்.

உன் பொருள் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. வேறு வீடு பார்த்து வந்தேன். தொட்டியையும் கொண்டுவந்தேன். பழுப்புச் செடி மறுபடி கரைந்தது. ஓர் இலைகூட மிஞ்சவில்லை. என் அக்கா வந்து பார்த்துவிட்டு, "அழுகிப்போனத எதுக்குடா வெச்சிகினு இருக்க? தூக்கிப் போடு" என்றார். பிடுங்கினேன். வேர் வெள்ளை வெளேர் என்றிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியுமா? இந்தப் புல்லுக்குப் பலித்த சொல் உனக்கு ஏன் பலிக்கவில்லை? சாக்கடையில் எறிய வாசல்வரை போனேன். வேர் விரலைச் சுற்றிக்கொண்டிருந்தது. கை வரவில்லை. நீ நட்ட மாதிரியே, கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய, திரும்ப நட்டேன்.

இன்று தண்ணீர் ஊற்றி முடித்தபோது பார்த்தேன். பழுப்பாக, சுருக்கத்தோடு, நகத்தளவு.

"ஏ புள்ள, ஓடியா ஓடியா!"

வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். சமையலறைப் பக்கம் திரும்பிக்கூட நின்றேன், நீ இந்த வீட்டுச் சமையலறையில் ஒருநாளும் நின்றதில்லை என்பது மறந்துபோய்.

இலை வந்துவிட்டதடி. இதற்கு வேறு யாரைக் கூப்பிடுவேன்?