இன்னும் கொஞ்சம் குறையட்டும்

மார்ச் 4
இன்று முழுக்க, பிறர் வாங்காமல் போனதைப் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். விலை ஒப்பிடும் இணையதளத்தில் என் வேலை இதுதான். ஆள் யாரென்று தெரியாது. திரையில் அவர்களுடைய அம்புக்குறி ஊர்வது மட்டும் தெரியும். மலிவாக இருந்தால் சந்தேகப்படுகிறார்கள். விலை கூடினால் வயிறெரிகிறார்கள். கடைசியில் நடுவில் இருப்பதை வாங்குகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது.

மார்ச் 9
அப்பாவுக்குக் காது மிஷின் தேடுகிறேன், எங்கள் தளத்திலேயே. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் "ஆமாம்மா" என்கிறார். "காபியா, டீயா?" — "ஆமாம்மா." இரண்டு மிஷின் மனதில் இருக்கிறது. விலை இன்னும் கொஞ்சம் குறையட்டும். இதே தொழிலில் இருப்பவள் நான், என்னிடமா இந்த விலை?

மார்ச் 17
குறையவில்லை.

மார்ச் 21
ஏறிவிட்டது. பழைய விலைக்காவது வரட்டும்.

மார்ச் 26
கூட்டத்தில் மேலாளர் யாரோ ஒருவரின் திரைப் பதிவைப் போட்டுக் காட்டினார். ஓர் அம்பு இரண்டு பொருளுக்கு நடுவே தவித்தது. திட்டி எழுதிய விமர்சனங்களை மட்டும் தேடிப் படித்தது. மறுநாளும் அதே கதை. "இவங்க இந்த ஜென்மத்துல வாங்க மாட்டாங்க. இவங்களுக்குப் பொருள் வேணாம், ஏமாறலைங்கிற நிம்மதிதான் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாக. வேலைவெட்டி இல்லாத ஜென்மம்னு வேற சொல்லித் தொலைச்சேன். பிறகுதான் அது என்ன பொருள் என்று பார்த்தேன். காது மிஷின். என்னுடைய அதே இரண்டு மிஷின்.
ஐயோ, நான்தான்!

மார்ச் 27
வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது ஏதோ பேசிச் சிரித்தோம். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். பின்னாலேயே போய், காதருகே குனிந்து ஏன் என்று கேட்டேன்.
"நீங்கல்லாம் சிரிச்சா நானும் சிரிச்சு வைக்கிறேம்மா. எதுக்குன்னே தெரியல. அசிங்கமா இருக்கு."
எதுக்குக் காத்திருந்தேன்? நாலு காசு மிச்சம் பிடிக்கவா? அதுக்குள்ள மனுஷன் தனியா உக்காந்து சாப்பிடறார். அழுகை வந்தது.

மார்ச் 28
அப்பாவைத் தெருமுனைக் காது மிஷின் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் காதைச் சோதித்துவிட்டு மூன்று மிஷின்களை எடுத்து வைத்தார். அப்பா மூன்றையும் மாட்டிப் பார்த்து, நடுவில் இருந்ததை எடுத்தார். பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

மார்ச் 31
தளத்திலிருந்து செய்தி: நீங்கள் காத்திருந்த பொருளின் விலை இன்று குறைந்தது. நல்ல நேரம் பார்த்தது! சமையலறையில் பாத்திரம் துடைத்தபடி, எனக்கே கேட்காத குரலில், "உங்க பொண்ணு ஒரு மக்குப்பா" என்றேன்.
கூடத்திலிருந்து பதில் வந்தது. "ஆமாம்மா."
எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், எதற்கென்று தெரிந்தே.