உங்கள் பேரில் தப்பாக விழுந்த பதக்கம்

அண்ணே,

இன்று காலை கடையைத் திறந்து, ஜெராக்ஸ் மிஷின் சூடாவதற்குள் உங்கள் மச்சான் ஏழுமலை வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் கவரில் போட்ட உங்கள் போட்டோ. "வர்ற வாரம் வருசம் திரும்புதும்மா. போன தபா அடிச்ச மாரியே ஒரு போஸ்டர் அடிச்சுக் குடு" என்றார். போட்டோ என்னிடமே இருக்கிறது என்று சொல்லி கம்ப்யூட்டரில் உங்கள் ஃபோல்டரைத் திறந்தேன். 'கேட் அண்ணன்' என்று பேர் வைத்திருக்கிறேன். உங்கள் பேர் தெரியாத நாளில் வைத்தது. தெரிந்த பிறகும் மாற்றத் தோன்றவில்லை.

உள்ளே ஏழு லெட்டர்களும் ஒரு போஸ்டரும் இருக்கின்றன. முதல் லெட்டரைத் தவிர மற்ற ஆறும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

நீங்கள் முதன்முதலில் ஒரகடம் கூட்ரோட்டில் என் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் டூட்டி முடித்துவிட்டு, செக்யூரிட்டி யூனிஃபார்மோடு, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். "தங்கச்சி, மிலிட்டரி ரெக்கார்டுல ஒரு பதக்கத்த திருத்தணும்" என்றீர்கள். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது சேர்க்கத்தான் வருவார்கள். "அக்கா, எக்ஸ்பீரியன்ஸ்ல ஒரு வருசம் சேத்துடுக்கா" என்று கேட்காத பையன் இந்த ரோட்டில் கிடையாது. நானும் சேர்த்துக் கொடுப்பேன். உங்களையும் அந்தக் கணக்கில்தான் வைத்தேன்.

நீங்களோ கதையை முதலிலிருந்து சொன்னீர்கள். சுதந்திர தினத்துக்குக் கம்பெனியில் கொடியேற்ற உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்து, போரில் காயம்பட்டுப் பதக்கம் வாங்கியவர் என்று மைக்கில் சொல்லிவிட்டார் மேனேஜர். "எல்லாரும் கை தட்டுனாங்க தங்கச்சி. என் ஒடம்புல ஒரு கீறல் கெடையாது. காயம் பட்டவன் தங்கையா. மலை மேலேர்ந்து அவன தூக்கிக்கினு வந்தது நானு. ரத்தம் அவனுது" என்றீர்கள். பட்டாளத்தில் சேர்ந்த அன்று வரிசையில் நீங்கள் முன்னால், கோவில்பட்டிக்காரர் தங்கையா பின்னால். நம்பரும் ஒன்றுக்கு அடுத்து ஒன்று. பட்டியல் எழுதிய யாரோ ஒருவர் பேனாவை ஒரு வரி மேலே வைத்துவிட்டார். பதக்கம் உங்கள் பேரில் விழுந்தது. தங்கையா பேரில் ஒன்றும் இல்லை.

நீங்கள் இவ்வளவு சொல்லியும் என் கை தொழில் பழக்கத்திலேயே போயிற்று. வேறொரு கம்பெனி செக்யூரிட்டிக்கு, விடுபட்ட பதக்கத்தைச் சேர்க்கச் சொல்லி நான் அடித்த இங்கிலீஷ் லெட்டர் ஒன்று இருந்தது. அதில் பேரையும் நம்பரையும் மாற்றினேன். 'சேர்க்கவும்' என்று கேட்கிற வரியை மாற்ற மறந்தேன். நீங்கள் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தாங்கள் சேர்க்கக் கோரும் பதக்கம் ஏற்கெனவே தங்கள் பதிவேட்டில் உள்ளது, மேல் நடவடிக்கை தேவையில்லை.' படித்ததும் கம்ப்யூட்டரில் அந்த லெட்டரைத் திறந்து பார்த்தேன், கேட்கிற வரி மாறாமல் அப்படியே இருந்தது. ஆபீஸ்காரன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அண்ணே. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். இனி இந்த மனுஷன் கடை வாசல்படி மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். பிறகு, "அடிச்சது நீ. படிக்காம கையெழுத்து போட்டது நானு. தப்பு ஆளுக்குப் பாதி. அடுத்தத அடி" என்றீர்கள்.

இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். என் தப்புக்கு என்னைத் திட்டியவர்கள் உண்டு, போகட்டும் என்று விட்டவர்கள் உண்டு. பாதியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டவர் நீங்கள் ஒருவர்தான். அன்று உங்களுக்கு நன்றி சொல்லத் தெரியாமல், "டீ சொல்லட்டா?" என்று கேட்டுவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லெட்டரையும் நான் வரிவரியாக விரல் வைத்துப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் "கரெக்டு" என்றால்தான் அடுத்த வரி. கடையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் விடமாட்டீர்கள். "பரீட்சைக்கா படிக்கிற, அக்கா?" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். எனக்கும் சில நாள் எரிச்சல் வரும். உங்களுக்கே தெரியும், மறைத்ததில்லை.

ஒருநாள் தங்கையாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தீர்கள். அவரும் தன் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒரு மனு எழுத வேண்டும் என்றீர்கள். "எனக்கு எதுக்கு மாப்ள இப்ப அது?" என்று முதலில் மறுத்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஊர்ல எல்லாவனும் நான் குடிச்சிட்டு வண்டியிலருந்து விழுந்து கால ஒடச்சவன்னுதாம் சொல்லுதானுவ. இப்பம் பேத்தியும் கேக்கா, நெசமா தாத்தான்னு" என்றார். நீங்கள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அன்று அடித்த லெட்டரை எரிச்சலில்லாமல் இரண்டு தடவை படித்தேன்.

பதில் எல்லாம் என் கடை விலாசத்துக்குத்தான் வர வேண்டும் என்பீர்கள். உங்கள் ஊர் மண்ணூர் முழுக்க ஏழுமலை அந்தப் பதக்கத்தைப் பற்றிப் பெருமை பேசிவைத்திருந்தார். அண்ணியும் அதில் பூரித்துப்போயிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தீர்கள். முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். டூட்டி முடிந்து வண்டியை எடுக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானமே ஏழுமலை கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எழுதிக்கொண்டு வந்தார். உங்கள் பேருக்குக் கீழே முதல் வரியே 'போர்க்காயப் பதக்கம் பெற்ற மாவீரர்'. என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, ஆனாலும் அந்த வரியை நான் அடிக்கவில்லை. அடிக்க மாட்டேன் என்றேன்.

"ரெக்கார்டுலயே கீதும்மா! நீ இன்னா கவர்மெண்டா?" என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது அவருது இல்ல. வோணும்னா வேற கடைக்குப் போய் அடிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் கோபத்தில் அண்ணிக்குப் போன் போட்டார். அழுத தொண்டையில் அண்ணி சொன்னது எனக்கும் கேட்டது. "அந்தத் தங்கச்சி சொல்ற மாரியே போடு, ஏழுமல. மூணு வருசமா அத எடுக்கச் சொல்லி எழுதிக்கினு இருந்தாரு. சட்ட தொவைக்கிறவ நானு. பாக்கெட்ல லெட்டரோட ஜெராக்ஸும் ரிஜிஸ்டர் தபால் சீட்டும் கெடக்கும். எனக்குத் தெரியாதா? அவரா சொல்லட்டும்னு இருந்தேன்."

உங்களுக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை, அண்ணே. நீங்கள் பயந்து பயந்து மறைத்ததை வீட்டில் ஒருவர் பத்திரமாகத் தெரிந்துவைத்திருந்தார்.

நீங்கள் போன மூன்றாம் மாதம் கடைக்குக் கவர் வந்தது. உங்கள் பதிவேட்டிலிருந்து அந்தப் பதக்கம் நீக்கப்பட்டது, உரியவர் பேரில் சேர்க்கப்படுகிறது என்று இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மண்ணூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி என்னைப் படிக்கச் சொன்னார்கள். வரிவரியாக, விரல் வைத்துத்தான் படித்தேன். கேட்டுவிட்டு அதை உங்கள் போட்டோவுக்குப் பின்னால் சொருகி வைத்தார்கள்.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. கெஞ்சுகிற பிள்ளைக்கு இன்றைக்கும் எப்போதாவது ஆறு மாதம் சேர்த்துவிடுகிறேன். ஆனால் அடிக்கும்போது ஸ்டூலில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது. பெரும்பாலும் அழித்துவிடுகிறேன். தப்பு நேர்ந்தால் முன்பு போல மிஷின் மேல் பழி போடுவதில்லை. என் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு போஸ்டரைத் திருத்தி முடிக்கப் போகும்போது ஏழுமலை கழுத்தைச் சொறிந்துகொண்டே, "ஒரு பேரு சேக்கணும்மா" என்றார். "அந்தத் தங்கையா அக்காவுக்கு போன் பண்ணாராம். பதக்கம் கைக்கு வந்துடுச்சாம். பேத்தி அத கழுத்துல மாட்டிக்கினு தெருவெல்லாம் சுத்துதாம். நெனவு நாளுக்கு வராரு. கீழ நம்ம பேருங்களோட அவரு பேரையும் போடச் சொல்லிச்சு அக்கா."

அடித்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"பேருக்கு முன்னாடி அந்தப் பதக்கத்தையும் போடும்மா. கொஞ்சம் பெரிய எழுத்தா."

போட்டேன், அண்ணே. பிறகு பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் ஏழுமலையை உங்கள் ஸ்டூலில் உட்காரவைத்து, திரையில் விரல் வைத்து மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். உங்கள் பேர், ஊர், அண்ணி, பிள்ளைகள். கடைசியாக, 'போர்க்காயப் பதக்கம் பெற்ற நண்பர் தங்கையா, கோவில்பட்டி.'

ஏழுமலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கரெக்டு" என்றார்.