எதிர் பக்கம் நின்ன மாமாவுக்கு

மாமா,

இன்னிக்கு தீபம். கீழ அம்மா பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சறாங்களாம். அக்கா போன்ல சொல்லித்தான் தெரியுது, எனக்கு ஒரு வாசனையும் வரல. காலையில இருந்து செம ஜலதோஷம். அக்கா குழந்தைக்கு இது முதல் தீபம். அதான் மாஸ்க் மாட்டிக்கிட்டு மாடி ரூம்ல தனியா உக்காந்துட்டேன். வாசனை வரலன்னதும் உங்க ஞாபகம் புடிச்சிக்கிச்சு.

அந்த கொரோனா வருஷம். வெளியூர் ஜனத்த ஊருக்குள்ளயே விடாத தீபம். எங்க வீட்டுக்கு முன்னாடி லாட்ஜ் இருக்கறதால மலை தெரியாது. வருஷா வருஷம் அடுத்த தெருவுல உங்க மாடிக்கு வந்து, உச்சியில ஜோதி பாத்து அரோகரா போட்டப்புறம்தான் அம்மா வீட்டுக்கு ஓடிவந்து விளக்கு ஏத்துவாங்க. அந்த வருஷம் நீங்க கறாரா சொல்லிட்டீங்க.

"யாரும் வராதீங்க. மெடிக்கல் ஷாப்ல நாளெல்லாம் இருமறவங்க நடுவுல நிக்கறேன். உனக்கு இப்பதான் ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு."

அம்மாவுக்கு வந்துச்சே கோவம்! "கூடப்பொறந்த தங்கச்சிய தீபத்தன்னிக்கு வராதேன்றியா? அப்டின்னா எங்க வீட்ல விளக்கே எரியாது, போ."

நான்தான் குதிச்சேன். "வீடியோ கால்ல காட்டுங்க மாமா, வேற லெவல்ல இருக்கும்!" அந்த நேரத்துல ஊரே போனும் கையுமா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. வெளிய அரோகரா சத்தம் காத பிளக்குது. நெட் சிக்கி, ஸ்க்ரீன்ல பாதி உங்க மூக்கு, அதுக்கு மேல வட்டம் சுத்துது. தெருவெல்லாம் அகல் எரியுது, எங்க வாசல் மட்டும் இருட்டு. "ஜோதிய பாக்காம ஏத்த மாட்டேன்"னு அம்மா அசையாம உக்காந்துட்டாங்க.

அப்ப நீங்க வந்தீங்க. மாஸ்க்கோட, கையில எரியற அகல், காத்துல அணையாம இன்னொரு கைய குவிச்சு வெச்சிக்கிட்டு. காம்பவுண்டு சுவத்து மேல வெச்சிட்டு, விறுவிறுன்னு ரோட்டுக்கு எதிர் பக்கம் போய் நின்னுட்டீங்க.

"ஜோதிய நான் பாத்துட்டேன். பாத்துட்டு ஏத்தின விளக்கும்மா இது. இதுல இருந்து ஏத்து."

"உள்ளதான் வாயேண்ணா."

"வரமாட்டேன்."

"மூஞ்சியாவது காட்டு."

மாஸ்க்க எறக்கினீங்க. "அழகா கீறேனா?"

அம்மா அழுதுக்கிட்டே, "சகிக்கல, மூடு"ன்னாங்க. அப்புறம் விளக்கு ஏத்தினாங்க.

அடுத்த கோடையில அந்த மெடிக்கல் ஷாப்ல இருந்தே உங்களுக்கு கொரோனா வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில உங்க உடம்ப முழுசா மூடித்தான் குடுத்தாங்க. மாஸ்க் இல்லாம உங்கள அம்மா கடைசியா பாத்தது அந்த தீபத்தன்னிக்குதான். அந்த ஒரு நாளாவது உள்ள வந்திருக்கலாமேன்னு உங்க மேல எனக்கு ரொம்ப நாள் கோவம்.

இப்ப கீழ இருந்து எல்லாரும் கத்தறாங்க. "வெறும் சளிதானடா, எறங்கி வா. குழந்தைய தூக்கிக்க." அம்மா மட்டும் படியேறி வந்து, தட்ட கதவுக்கு வெளிய வெச்சிட்டு எறங்கிப் போனாங்க. கீழ இருக்கறவங்ககிட்ட அம்மா சொன்னது கேட்டுச்சு.

"விடுங்க. அவன் அப்படியே மாமன். வரமாட்டான்."

திட்டற குரல்தான். ஆனா தட்டுல பொரி உருண்டை ஜாஸ்தி.

கீழ குழந்தை சிரிக்குது மாமா. ஓடிப்போய் தூக்கணும்னு கை பரபரங்குது. எதிர் பக்கம் நின்னப்ப உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?