லாட் வரைக்கும் இருக்கு

காலையில் திரையில் உன் வரி வந்து நின்றது. ஆங்கில எழுத்தில் நீ அடித்துவைத்த தமிழ்: "லாட் வரைக்கும் இருக்கு. அதுக்கு மேல இல்ல." நீ போன பிறகு அது வருவது இதுதான் முதல் தடவை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடக்கிறேன். டீ வந்தது, குடித்தேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாம் இருவரும் ஒரே கம்ப்யூட்டர் அறையில் சேர்ந்த புதிதில், மேலே இருந்து தினம் ஒரு புது ரிப்போர்ட் கேட்பார்கள். ஷூ பெட்டியில் இருந்து ஆர்டர், ஆர்டரில் இருந்து அதற்குத் தோல் வந்த லாட், லாட்டில் இருந்து அதைப் பதப்படுத்திய டேனரி, டேனரியில் இருந்து ஊர் என்று ஒரு பதிவு இன்னொன்றைக் கைகாட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பதிவுகளைத் தேட நான் தனித்தனியாகக் குவெரி எழுதிப் பேஜாராவேன். நீதான் ஒரே ஒரு நிரல் எழுதினாய். 'ஆர்டர்.லாட்.டேனரி.ஊர்' என்று வழியை மட்டும் புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும். அது ஒவ்வொரு பதிவாகத் திறந்து, அடுத்தது எங்கே என்று பார்த்துப் பார்த்துப் போகும்.

நடுவில் ஒன்று இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார் மேனேஜர். நீ மறுத்து, அங்கே அந்த வரி வரும்படி எழுதிவைத்தாய்.

"காலியா வுட்டா ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிப்பாங்க சார். எது வரைக்கும் இருக்குன்னு சொல்லணும்."

அவருக்குக் கோபம்தான். ஆனால் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் வந்து, இந்தத் தோல் எந்த ஊரில் பதமானது என்று கேட்டு லாரியை நிறுத்திய அன்று உன் வரிதான் கைகொடுத்தது. லாட் தெரிந்ததால் குடோனில் கேட்டோம். வாணியம்பாடி என்றார்கள். லாரி கிளம்பியது. நீ என் பக்கம் திரும்பி, "இன்னாடி, இப்பயாவது பிரியாணி வாங்கித் தருவியா?" என்றாய்.

உன்னை எடுத்துப்போன அன்று உன் மகள் என் கையைப் பிடித்து, அம்மா கடைசியாக உங்களிடம் என்ன சொன்னாங்க என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. மாதனூர் பஸ்ஸில் எதிரில் பார்த்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்க அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. நான் காலியாக விட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் போன் போட்டேன். அவள் எடுத்தாள்.

"பாப்பா, அம்மா கடைசியா இன்னா சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. சனிக்கெழம நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள கண்ண மூடிட்டாங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் தெரியும். அது வரைக்கும் சொல்லட்டா?"

சொன்னேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தள்ளிவிட்டு, நம் கேன்டீன் சாம்பாரில் இப்போதாவது உப்புப் போடுகிறார்களா என்று நீ கேட்டதை. அவள் கேட்ட கம்மலைப் போட்டால் காது புண்ணாகுமே என்று நீ கவலைப்பட்டதை. அவள் சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லையடி. இது வரைக்கும்தான் வந்திருக்கிறேன்.