ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பக்ரீத் கிடா

786

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்,
1948 நவம்பர்.

அன்பு மகள் குல்ஷனுக்கு அத்தா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளை அக்பர் பாஷாவுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் வஜீஹா அக்காவும் அவள் பையனும் இங்கே சுகம், கொழும்பில் நீங்கள் இருவரும், இனி வரப்போகிற மூன்றாவது ஆளும் அதே போலச் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, டிராம் தண்டவாளமெல்லாம் தண்ணீர், கறிக்கடைக்கு ஆள் வருவது குறைவு, ஆட்டுப் பட்டியில் மேல் ஓடு ஒழுகி நானே ஏறி மாற்றினேன். இந்த வயதில் ஏறியதற்கு உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வரவில்லை, இங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, உன்னைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்தது நான்தானாம், மாப்பிள்ளை பார்த்தபோது முதலில் தலையாட்டியது யார் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கும் மத்தியானம் வரைக்கும் கோபம் இருந்தது, சாப்பிட்டதும் போய்விட்டது. நீ பயப்படுவதற்குக் காரணம் உண்டு, இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன். போன வருஷம் வஜீஹா பெற்ற கையோடு ஜுரம் கண்டு, முதலில் பால் ஜுரம் என்றார்கள், அப்புறம் மலேரியா என்று கொய்னா மருந்து கொடுத்தார்கள், பிரசவ ஜன்னி என்று கடைசியில் சொன்னபோது அவள் உன்னையே யாரென்று கேட்டாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, பால் வற்றி, பிள்ளை பசும்பாலில் வளர்ந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றியவள் நீதான். அந்த மாதமே அதே வார்டில் இரண்டு பெண்கள் பிழைக்கவில்லை. அதனால் வெறுமனே வா என்று எழுதினால் நீ கேட்கமாட்டாய், பிடிவாதத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள். வஜீஹா பெற்ற அந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சில மாதத்தில் நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே முடிவு செய்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கஞ்சி காய்ச்சுகிற இடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டே, முருகையன் உட்கார்ந்து மூத்திரம் பரிசோதிப்பாரே, நோன்பு முடிந்த சமயத்தில் அங்கே சீமையிலிருந்து ஒரு துரைசானி வந்து இறங்கினார். பேர் மிஸ் ஆல்டன், அறுபது வயது இருக்கும், சண்டைக் காலம் முழுக்கப் பட்டாள ஆஸ்பத்திரிகளில் நோய்ப் பூச்சிகளை வளர்த்து இன்னதென்று கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும், சம்பளம் வேண்டாம், தங்க இடமும் சாப்பாடும் போதும், இருக்கிற ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று ஆஸ்பத்திரி கமிட்டிக்கு எழுதிவிட்டுச் சொந்தச் செலவில் கப்பலேறி வந்துவிட்டார். வெள்ளைக்காரன் மூட்டை கட்டி ஒரு வருஷம் ஆகிறது, இந்த அம்மாள் மட்டும் சும்மா எதற்கு வருகிறாள் என்று எனக்குச் சந்தேகம்தான். நம் தெருவில் அவருக்குப் பூச்சி துரைசானி என்று பேர்.

ஒரு நாள் முருகையன் கடைக்கு வந்து, பாய், துரைசானிக்கு ஆட்டு ரத்தம் ஓணுமாம், பூச்சிங்களுக்கு அதான் சாப்பாடாம் என்றார். வார்டுப் பெண்களுக்குச் சூப்புக் கறி கொடுக்கிறவன் நான், ரத்தம் இல்லை என்பேனா. நாம் தொடாவிட்டாலும் கேட்கிற வாடிக்கைக்காரர்களுக்குப் பிடித்துக் கொடுப்போமே, அதே போல அறுப்பில் பிடித்து, உறையட்டும் என்று உப்பும் போட்டு, ஈயம் பூசின சட்டியில் வாழையிலை மூடி மரியாதையாக அனுப்பினேன். துரைசானி திறந்து பார்த்து நன்றி சொன்னாராம், சட்டி அப்படியே திரும்பி வந்தது. முருகையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாய், ஆட்ட அறுக்கவே கூடாதாம், அது நின்னுகினு ரத்தம் குடுக்கணுமாம், குடுத்துட்டு அது பாட்டுக்குப் புல்லு துன்னணுமாம், இன்னா சொல்றீங்க என்றார். நான் என்ன சொல்வேன், தொழிலுக்கு வந்த நாளாக ஆட்டை அறுக்காமல் கொடு என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

நோய் நொடி இல்லாத, கண் காதில் குறையில்லாத, நன்றாகத் தீனி எடுக்கிற ஆடாக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பட்டியில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, பக்ரீதுக்கு உன் பேரில் குர்பானி கொடுக்கலாம் என்று மனதில் வைத்துத் தனியாகத் தீனி போட்டு வளர்த்த கிடா. எனக்கு மனசே வரவில்லை, வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வஜீஹாதான் கதவுக்குப் பின்னாலிருந்து, குடுத்துடுங்க அத்தா, நான் படுத்திருந்தப்ப இதெல்லாம் இருந்திருந்தா என் ஜுரம் இன்னான்னு தெரிஞ்சிருக்கும் என்றாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன், வாயால் நேர்ந்துகொள்ளவில்லை அல்லவா, அதற்குக் குறையாத வேறொன்றைக் கொடு, உயிர் பிழைக்க உதவுமானால் தயங்காதே என்றார். அப்படியே பக்ரீதுக்கு வேறு கிடா வாங்கி உன் பேரில் குர்பானி நல்லபடியாக நடந்தது.

கழுத்து மயிரைச் சிரைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, துரைசானி ஊசி போட்டு எடுக்கும்போது கிடாவின் தலையை நான்தான் பிடித்துக்கொள்கிறேன். கண்ணாடி மணிகள் போட்ட புட்டியில் பிடித்து உறையாமல் இருக்க முருகையன் குலுக்குகிறார், முடிந்ததும் கிடா அகத்திக்கீரை தின்னப் போய்விடுகிறது. முருகையன் அதற்கு சூப்பிரண்டு என்று பேர் வைத்திருக்கிறார், தோட்டி முதல் கம்பவுண்டர் வரை அதற்கு சலாம் போடுகிறார்கள். அந்த ரத்தத்தை எதில் கலந்து தட்டில் ஊற்றுகிறார்கள் தெரியுமா, நோன்பு திறக்க உன் அம்மா காய்ச்சுவாளே கடற்பாசி, அதேதான், சர்க்கரையும் ரோஸ் எசன்ஸும் போடுகிற இடத்தில் இவர்கள் ரத்தம் விடுகிறார்கள். இதை வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது, வருகிற நோன்புக்குக் கடற்பாசி கிடையாது என்று உன் அம்மா அன்றைக்கே அறிவித்துவிட்டாள்.

புரட்டாசியில் வார்டில் மறுபடி ஒரு பெண்ணுக்கு ஜுரம் கண்டது. இந்தத் தடவை அந்த ஜுரம், இந்த ஜுரம் என்று யாரும் பேர் வைக்கவில்லை, அவள் உடம்பிலிருந்து பஞ்சில் எடுத்ததைத் தட்டில் தடவி இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்தார்கள், மறுநாள் காலையில் முருகையன் எனக்கும் காட்டினார். சிவப்புத் தட்டில் ஊசிமுனை அளவு புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் கரைந்து வெளுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடத்தில் மறுபக்கம் தெரிந்தது. வஜீஹாவின் உடம்புக்குள் இருந்தது இந்தச் சனியன்தானா என்று இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். அன்றைக்கே பென்சிலின் ஊசி ஆரம்பித்தார்கள், அந்தப் பெண் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனாள்.

துரைசானி அதோடு விடவில்லை, இது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும், வார்டில் நடமாடுகிறவர்கள் எல்லாரும் வாயைத் திறங்கள் என்றார். பெரிய டாக்டரம்மாவே முதலில் உட்கார்ந்து வாயைத் திறந்தார், என் தொண்டையிலும் பஞ்சை விட்டு எடுத்தார்கள். அந்தப் பூச்சி இருந்தது நம் ஆரோக்கியமேரி நர்ஸம்மா தொண்டையில். வஜீஹா பிரசவத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அவர்தான். மறுநாள் நம் வீட்டு வாசலில் வந்து, உள்ளே கூப்பிட்டும் வராமல் நின்று, நான் தொட்டுத்தான் பாய் எல்லாம் ஆச்சு, எனுக்கு ஒரு இருமல்கூட இல்லியே, எப்படித் தெரியும் என்று அழுதார். அது இருக்கிறவர்களுக்கே தெரியாது, அதனால்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது, இதில் யார் பேரிலும் குற்றம் இல்லை என்று துரைசானி சொல்லித்தான் இருக்கிறார், ஆனாலும் மனசு கேட்குமா. உன் அம்மா உள்ளே போய்விட்டாள். வஜீஹாதான் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாலு அடி பின்னால் போனார், மருந்து முடிந்து சுத்தம் என்று சொல்லும் வரை கிட்டே வரமாட்டேன் என்றார். சரி, ஆனதும் மொதல்ல இங்க வாங்க, இவன் உங்க கையில பொறந்தவன்தானே என்றாள் வஜீஹா. என் மகள் இவ்வளவு பெரிய மனசுக்காரி ஆனது எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்துத் தொண்டை சுத்தமான பிறகு நர்ஸம்மா சொன்னபடி வந்தார், பையன் அவர் மடியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான், உன் அம்மா டீயோடு வந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான், எனக்கு அதுவே நிறைவாக இருந்தது. இப்போது வார்டில் எல்லாரும் வாயில் துணி கட்டிக்கொண்டுதான் பிரசவம் பார்க்கிறார்கள், அதன் பிறகு ஒரு ஜுரமும் இல்லை.

தை பிறந்ததும் துரைசானி கப்பலேறுகிறார், உனக்கு மாசி. அவர் போன பிறகு என்ன ஆகும் என்றுதான் நீ கேட்பாய், நானும் அதைத்தான் கேட்டேன். இந்த மாதம் முழுக்க அவர் அறைக்கு வெளியே நாற்காலி போட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறார், எல்லாவற்றையும் முருகையனே செய்கிறார், கேட்டால் ஒழிய வாயைத் திறப்பதில்லை. முதலில் இரண்டு தட்டைத் தப்பாகச் சொல்லி முருகையன் மறுபடி செய்தார், இப்போது சரியாகச் சொல்கிறார், ஊசி போடுவதும் அவர்தான், கிடா அவருக்கும் அடங்கி நிற்கிறது. ஜுரமே வராது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மகளுக்கு எழுதுகிறேன் என்று துரைசானியைக் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். அப்படி யாராலும் சொல்ல முடியாது, வந்தால் மறுநாள் காலையில் இன்னதென்று முருகையன் சொல்வார், மருந்து அலமாரியில் இருக்கிறது, இதை மட்டும் எழுதுங்கள் என்றார். வியாபாரியான எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கடைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் யோசித்தேன், வஜீஹா படுத்திருந்தபோது சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று எல்லாரும்தான் சொன்னார்கள், என்ன ஜுரம் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

படி ஏறி இறங்குவதைக் குறை, தண்ணீர்க் குடம் தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும், நான் சொன்னதாகச் சொல். நீ வந்தால் எழும்பூர் ஸ்டேஷனில் போட் மெயிலுக்கு நான் நிற்பேன். அங்கேயே என்று முடிவு செய்தால் கடையை மூடிவிட்டு உன் அம்மாவை அழைத்துக்கொண்டு நான் அங்கே வருகிறேன், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் ஒன்றை மறக்காதே, கொழும்பு ஆஸ்பத்திரியில் இடம் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையை அனுப்பி, இங்கே ஆடு வைத்திருக்கிறீர்களா என்று கேட்கச் சொல். சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். இருக்கிறது என்றால் அங்கேயே பெற்றுக்கொள், எனக்கு மனப்பூர்வ சம்மதம். ஆடா, ஆஸ்பத்திரியில் எதற்கு என்று கேட்டால், அன்று சாயங்காலமே ரயிலேறிவிடு.

தாயும் பிள்ளையும் இரண்டாகி நல்லபடியாக எழுந்து உட்கார அல்லாஹ் அருள் செய்வானாக.

உன் வரவையோ பதிலையோ பார்த்திருக்கும்,
அத்தா,
மெஹபூப் அலி