வான்கோழித் தலை வரைந்த காகிதம்

அண்ணை, நாங்கள் இருந்த பார்க்கிங் ஊர் வீட்டைக் காலிசெய்தபோது உங்கள் அலுமாரிக்குப் பின்னால் அந்தக் காகிதச் சுருள் இருந்தது. விரித்தேன். சுவரில் ஒட்டும் காகிதத்தின் பின்பக்கம் நீங்கள் வரைந்த வான்கோழித் தலை, அதைச் சுற்றி ஒரு வட்டம், எங்கும் சன்னம் எனும் சிறு ஈயக் குண்டுகள் போட்ட துளைகள். ஓரத்தில் என் பென்சில் கணக்கு. மூக்கை வைத்துப் பார்த்தேன். வெடிமருந்து மணம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

கனடாவிலிருந்து மச்சான் ஒவ்வொரு வசந்தமும் உங்களை வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடுவார். புதர்ப் பற்றைக்குள் கொண்டு திரியச் சுகம் என்று குட்டைக் குழல் துவக்கு ஒன்று வாங்கினீர்கள். "கட்டைத் துவக்கு என்னத்துக்கு, காகம் கலைக்கவோ?" என்று அவர் போனில் சிரித்தார். உங்களுக்கு ரோசம் வந்துவிட்டது. நீங்கள் புறா சுடும் எசெக்ஸ் பண்ணைக்கு ஞாயிறுதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். நீங்கள் சுட, நான் வட்டத்துக்குள் துளை எண்ணுவேன். "வீட்டிலை முதல் பட்டதாரி எண்ணினா பிழை வராது" என்பீர்கள்.

குழல் வாயைச் சுருக்கும் 'சோக்' வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டீர்கள். மிக இறுக்கமானதில் சன்னங்கள் சிதறின. ஒரு படி தளர்த்தி, வேறு தோட்டா போட்டதும் தலையைச் சுற்றி அடர்த்தியாக விழுந்தன.

"பார்த்தியே பிள்ளை, கட்டையெண்டாலும் குறையில்லை. இறுக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு."

நாற்பது காலடிக்கு அப்பால் துளைகள் ஐதாகிப் பரவின. "இதுக்கு அங்காலை நிண்டா சுடக்கூடாது. காயத்தோட ஓடிச் செத்தா பாவம்."

நீங்கள் கனடா போகவேயில்லை. அண்ணி பிரிந்து போனார். உங்களுக்கு நித்திரை இல்லை. டாக்டர் குளிசை தந்தார். பண்ணைக்குப் போவதும் நின்றது. ஆனால் துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டி அடிக்கடி திறந்து கிடந்தது. அதன் முன் நீங்கள் சும்மா இருப்பீர்கள். நான் கதவடியில் நிற்பேன்.

துவக்கு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. வீட்டில் எல்லாப் படிவமும் நிரப்புவது நான்தானே. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறீர்களா என்ற கேள்வியில் கை நின்றது.

"இல்லையெண்டு போடு. சனம் கதைக்கும்."

"அண்ணை..."

"போடு பிள்ளை."

ஓம், எடுக்கிறேன் என்று போட்டேன். என்னை நம்பி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தீர்கள்.

அந்தப் பதிலைப் பார்த்துப் பொலிஸ் வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போனது. "உன்னைப் படிப்பிச்சது இதுக்கே?" என்றீர்கள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பதினொரு மாதம் கழித்து, வேலையிடத்தில் மாரடைப்பு. செத்தவீட்டில் பெரியம்மா என் காதுபடச் சொன்னார்: "துவக்கைப் பறிச்சதோட பெடியன் உடைஞ்சு போனான்."

இருக்கலாம். அந்தக் காகிதத்தை என் புது அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளைக்கு அதே படிவம் வந்தாலும் ஓம் என்றுதான் போடுவேன். அந்தப் பதினொரு மாதமும், காலையில் நீங்கள் வேலைக்குப் போகும் வான் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நான் படுக்கையை விட்டு எழும்பவில்லை.

கேட்டது, அண்ணை. ஒவ்வொரு நாளும் கேட்டது.