சுடுகாட்டுப் பாதை குறியீடு அல்ல

உனக்கு இரண்டு அநியாயம் செய்தார்கள். நீ பேசிய பேச்சை இன்னொருவர் எழுதியதாகச் சொல்லிக் கைதட்டினார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நம் காலனிக்கு இல்லாத சுடுகாட்டுப் பாதையைப் பற்றி நீ சொன்னதெல்லாம் கற்பனை என்று அச்சடித்தார்கள். அதை நான் மன்னிக்க மாட்டேன்.

இன்று காலை செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, முடி திருத்தும் கடையில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன். கத்தி தாடைக்குக் கீழே இருந்தது. பின்னால் டிவியில் திடீரென்று நீ பேச ஆரம்பித்தாய். "தாய்மார்களே, நெருங்கி ஒக்காருங்க. மழ வராது, தலைவருதான் வருவாரு." நான் திரும்பப் போனேன்.

"ஆடாத பெருசு, கத்தி இருக்குது" என்றான் கடைக்காரன்.

"சத்தத்தக் கொஞ்சம் ஏத்துப்பா."

"இந்தப் படமா? நம்ம கோட்டைல எடுத்தது. இந்த சீன எழுதுனதுக்கே டைரக்டரு கைக்கு மோதிரம் போடலாம்."

கண்ணாடியில் உன் முகம் இடம் வலம் மாறித் தெரிந்தது. பேசியவன் நீ. மோதிரம் அவருக்கு.

நான் மைக் செட் கட்டுகிறவன், நீ தலைவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்கிறவன். அப்படித்தான் நாம் பழகினோம். போஸ்டரில் உன் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும், பல நேரம் இருக்காது. தலைவரின் கார் திண்டிவனத்திலேயே நின்றுகொண்டிருக்கும். நீ கூசாமல் "வல்லம் தாண்டிட்டாரு" என்பாய். கூட்டம் கலையப் பார்த்தால் அவலூர்பேட்டைச் சந்தையில் மாடு வாங்கி ஏமாந்தவன் கதையைச் சொல்லி உட்கார வைப்பாய். தலைவர் வந்து சேராமல் பேச்சை நிறுத்தக் கூடாது என்பது உன்னைப் போன்ற பேச்சாளர்களுக்கு எழுதாத சட்டம். கார் வந்ததும் நான் துண்டை ஆட்டுவேன். அதைப் பார்த்த பிறகுதான் நீ "இத்துடன்" என்று இறங்குவாய்.

எந்தக் கட்சி மேடையானாலும் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லாததை நீ பேசாமல் விட்டதில்லை. ஆனால் தலைவர்கள் வந்து இறங்கியதுமே உன் பேச்சு முடிந்துவிடும். அதனால் ஒரு தலைவரும் அதைக் கேட்டதில்லை.

அப்புறம் சினிமாக்காரர்கள் வந்து கோட்டை அடிவாரத்தில் மேடை போட்டார்கள். மந்திரியைச் சுடுவதற்கு ஒருவன் கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு நிற்கிறான். மந்திரி மேடை ஏறுவதற்குள் போலீஸ்காரர் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. அதுவரை மேடையில் பேசிக்கொண்டிருக்க உள்ளூர்ப் பேச்சாளர் ஒருவர் தேவைப்பட்டார், உன்னைக் கூட்டிப் போனார்கள். எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. "அதுக்கப்புறம் வாய மட்டும் அசைங்க, மேல மியூசிக் போட்டுக்கலாம்" என்றார் இயக்குநர். உனக்கு வாயை மட்டும் அசைக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

கேமரா கூட்டத்துக்குள் போனதும் நீ பாதைப் பேச்சை எடுத்தாய். நாற்று நட்ட வயல் வழியாக உன் அம்மாவைத் தூக்கிப் போனதையும், சேறு வழுக்கிப் பாடை சாய்ந்ததையும், அவள் முகத்துச் சேற்றை உன் வேட்டியால் துடைத்ததையும் சொன்னாய். "கட்" என்றார்கள். நீ நிறுத்தவில்லை. மந்திரி வேடக்காரர் வேனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைவர் வராமல் நீ எப்படி நிறுத்துவாய்? உதவியாளர்கள் கத்தினார்கள். இயக்குநர் அவர்களைக் கையமர்த்திவிட்டு கேமராவை மறுபடி ஓட்டச் சொன்னார். கூலிக்கு வந்து உட்கார்ந்திருந்த நம் சனங்கள் நடிப்பை மறந்து அழுதார்கள். கடைசியில் நான்தான் ஓரமாய் நின்று துண்டை ஆட்டினேன்.

படத்தை ஊர் உலகமே கொண்டாடியது. நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன், போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவன். கைக்குக் கிடைத்த விமர்சனம் ஒன்றையும் விடாமல் படித்தேன். ஒருவர் அந்தப் பேச்சில் இயக்குநரின் பேனா வலிமையைக் கண்டார். ஒருவர், சேற்றில் சாயும் பாடை சரிந்துவரும் ஜனநாயகத்தின் குறியீடு என்றார். இன்னொருவர், இந்தக் காலத்தில் இப்படி எங்கே நடக்கிறது, படத்தின் ஒரே செயற்கையான இடம் இதுதான் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். சென்னையிலிருந்து செஞ்சிக்குப் பேருந்து ஓடுகிறது. இவர்களில் ஒருவரும் அதில் ஏறி வந்து பார்க்கவில்லை. இயக்குநரோ பேட்டியில், "அதை எழுதும்போதே அழுதுவிட்டேன்" என்றார். படத்தின் முடிவில் ஓடிய பெயர்களில் உன் பெயர் இல்லை. "செஞ்சி வட்டார மக்களுக்கு நன்றி" என்று இருந்தது.

உனக்கு நான் படித்துக் காட்டியபோது நீ கேட்டாய்:

"குறியீடுன்னா இன்னா மச்சான்?"

"ஒன்னச் சொல்லி வேற ஒன்னக் காட்டறது."

"நான் ஒன்னச் சொல்லி அதையேதானே காட்டுனேன்?"

சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் உனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இத்தனை பேர் பார்த்த படம், இனிமேல் பாதை கிடைத்துவிடும் என்று நினைத்தாய். மனு எழுதித் தாலுகா ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா பெரியவரே, படத்தப் பாத்துட்டு அதையே மனுவா எழுதினு வந்துட்டீங்களா?"

"படத்துல பேசுனதே நான்தான் சார்."

அவர் உன்னை உற்றுப் பார்த்தார். "அட, ஆமா! எங்க வீட்ல உங்க ஃபேனு. வாங்க, ஒரு செல்ஃபி எடுத்துக்கலாம்."

எடுத்துக்கொண்டார். மனு மேசையிலேயே கிடந்தது.

வெளியே வந்து பைப்பில் முகம் கழுவினாய். "முன்னெல்லாம் கேக்காம இருந்தானுங்க மச்சான். இப்ப கேட்டுட்டு நம்ப மாட்டேன்றானுங்க." அதற்குப் பிறகு நீ எந்த மேடையிலும் ஏறவில்லை. உன்னைக் கூப்பிட வந்தவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாய். உன் தொண்டைக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில் நீ போனாய். அப்போதும் பாதை இல்லை. நட்டு ஈரம் காயாத வயலில் உன்னோடு இறங்கினோம். பாடையின் முன்பக்கம் என் தோளில் இருந்தது. வரப்பிலிருந்து வயல்காரர் கத்தினார்.

"நாத்த மெறிக்காதீங்கடா, நேத்துதான் நட்டது!"

"செத்தவன் வானத்துலயா போவான்?" என்றேன் நான்.

வரப்பில் நின்று போனில் படம் பிடித்த ஒருவன், பக்கத்திலிருந்தவனிடம் "அப்படியே அந்தப் படம் மாரியே இருக்குது, இல்ல?" என்றான். தோளில் நீ இருந்ததால் அவன் தப்பினான். முழங்கால்வரை சேறு. ஆனாலும் உன்னை நாங்கள் சாய விடவில்லை.

உன் பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம். மைக் செட்டை விற்றுவிட்டேன். வாய் இருக்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்கிறேன், உனக்கும் சொல்லிவிடுகிறேன். எழுதும்போதே அழுதேன் என்று பேட்டி கொடுத்த இயக்குநர், அந்தப் பேச்சு உன்னுடையது என்று இன்னொரு பேட்டியில் சொல்ல வேண்டும், படத்திலும் உன் பெயரைப் போட வேண்டும். மன்னிப்பு அவரிடமே இருக்கட்டும். குறியீடு என்று எழுதியவரும் செயற்கை என்று எழுதியவரும் நடவு மாதத்தில் செஞ்சியில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வயலில் நடக்க வேண்டும். நடந்ததை அதே பக்கத்தில் எழுத வேண்டும். செல்ஃபி எடுத்தவர் மனுவைத் தேடி எடுத்து, நிலம் அளக்கிறவரை அனுப்பிக் கல் நட வேண்டும். வயல்காரர் அந்தக் கல்லைப் பிடுங்காமல் இருக்க வேண்டும். காலனிப் பிள்ளைகள் மண் கொட்டிப் பாதையை உயர்த்த வேண்டும்.

அதுவரைக்கும் நான் சாகாமல் இருக்க வேண்டும்.